மதில் சூழ் யோர்க் நகருக்கு ஒரு வழித்திட்டம்



பயணத்துக்கென்றே ஓர் இலக்கிய வகையைப் பழந்தமிழர் வகுத்து வைத்தனர். ஆற்றுப்படை என்பது அதன் பெயர். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் இன்னொருவனுக்கு வழி சொல்வான். எந்த வழியாற் போக வேண்டும், இடையில் எவ்வூரார் உணவு தருவர், எங்கே தங்கலாம் என்றெல்லாம் விரிவாகச் சொல்வான். இக்காலத்தில் அந்த வேலையைச் சுற்றுலாக் கையேடுகள் ஏற்றுக்கொண்டன. ஆனாலும் கையேடு தொடாத ஒன்றை ஆற்றுப்படை தொடும். போய்ச் சேரும் ஊரை ஆள்பவன் எத்தகையவன், வந்தவரை அவன் எப்படி நடத்துவான் என்பதையும் அது சொல்லிவிடும்.

இன்றைய என் பேச்சும் ஒரு சிறிய ஆற்றுப்படைதான். ஆனால் நான் போய்த் திரும்பியவன் அல்லன், போக ஆயத்தமாகிக்கொண்டிருப்பவன். இங்கிலாந்தின் வடபால் உள்ள யோர்க் நகரை ஒரு மார்ச் மாதக் கடைசியிற் சென்று பார்ப்பதெனத் தீர்மானித்து, நகரப் படத்தையும் சில வரலாற்று நூல்களையும் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். இலண்டனில் மக்களையும் உறவினரையும் காணச் செல்லும் நம்மவர் பலர். அங்கே கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் விரைவுப் புகையிரதம் ஏறினால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் யோர்க் நகரிற் போய் இறங்கலாம். காலையிற் போய், பேராலயத்தையும் ஒரு பழைய கடைத்தெருவையும் பார்த்து, நாலு படம் பிடித்துக்கொண்டு மாலையிலேயே திரும்பிவிடவும் முடியும். நான் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அது ஏன் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நகரின் பெயர். கி.பி. 71-ஆம் ஆண்டளவில் றோமரின் ஒன்பதாம் படையணி ஊஸ், ஃபொஸ் என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்திற் கோட்டை கட்டியது. எபோறாக்கும் என்று அதை அழைத்தனர். செப்டிமியஸ் செவெறஸ் என்ற றோமப் பேரரசன் 211-இல் இறந்தது இங்கேதான். 306-இல் கொன்ஸ்தந்தீனைப் படைவீரர் பேரரசனாக அறிவித்ததும் இங்கேதான். அவனுடைய வெண்கலச் சிலை ஒன்று பேராலயத்தின் அருகே அமர்ந்திருக்கிறது. றோமர் போனபின் ஆங்கிலோ-சக்சன் மக்கள் வந்தனர். 866-இல் வைக்கிங்குகள் நகரைப் பிடித்து யோர்விக் என்றனர். அந்தச் சொல் தேய்ந்து யோர்க் ஆயிற்று.

வைக்கிங்குகள் விட்டுப்போன சொற்கள் இன்னும் தெருக்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலம் படித்த நாம் 'கேற்' என்றால் படலை என்போம். யோர்க்கில் 'கேற்' என்பது தெரு. பழைய வைக்கிங் மொழியில் தெருவுக்கு அதுதான் சொல். அப்படியானால் நகரவாயிலை எப்படிச் சொல்வது? அதற்குப் 'பார்' என்று பெயர். பிரதான நகரவாயில்கள் நான்கு: மிக்கிள்கேற் பார், வோம்கேற் பார், மொங்க் பார், பூதம் பார். கடைசிப் பெயரைப் படத்திற் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழன் ஒருவன் அந்தப் பலகையை உரக்க வாசித்தால் பக்கத்தில் நிற்கும் தமிழன் திரும்பிப் பார்ப்பான்! உண்மையில் பூதம் என்பது சந்தைக் கொட்டில்களைக் குறிக்கும் பழைய சொல்லின் வழி வந்தது. கொப்பர்கேற் என்பது செம்பு விற்ற தெருவன்று. மரக் கிண்ணம் கடைந்தவர்களின் தெரு. அங்கே 1976 முதல் 1981 வரை நடந்த அகழ்வில் வைக்கிங் காலத்து வீடுகளும் பட்டறைகளும் ஈரமண்ணில் மக்காமற் கிடந்தன. 1984-இல் அவ்விடத்திலேயே யோர்விக் காட்சியகம் திறக்கப்பட்டது. பெயர்களைக் கற்றுக்கொண்டு போகிறவனுக்கு நகரம் பாதி புரிந்துவிடும் என்பதற்கு இவை போதும்.

இனி மதில். முதல் நாளை முழுவதுமாக மதிலுக்கே கொடுத்திருக்கிறேன். ஏறத்தாழ 2 மைல் நீளத்துக்கு அது நிற்கிறது. இங்கிலாந்தின் நகர மதில்களில் இதுவே நீளமானது. அழியாமல் நிற்பதிலும் இதுவே முதன்மையானது. பெரும்பகுதி 13-ஆம், 14-ஆம் நூற்றாண்டு வேலை. அடியில் உள்ள மண் அணை அதனிலும் பழையது. றோமர் மதிலின் எச்சங்களும் சில இடங்களில் அதனுள் புதைந்திருக்கின்றன. மேலே ஏறி நடப்பதற்குக் கட்டணம் இல்லை. காலை 8 மணியளவில் திறந்து பொழுது சாயும்போது மூடுவார்கள். மார்ச் முடிவிலும் ஏப்பிரலிலும் அணையின் புற்சரிவெங்கும் டாஃபடில் மலர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமாம். நான் மார்ச் மாதத்தைத் தேர்ந்ததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

புகையிரத நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் மதில் கண்ணிற் படும். வலப்புறமாகத் திரும்பி மிக்கிள்கேற் பார் வரை போய், அங்கிருந்து நடையைத் தொடங்குவது என் திட்டம். மன்னர்கள் நகருக்குள் நுழைந்த வாயில் அது. ஆட்சிக்கு எதிரானவர்களின் வெட்டுண்ட தலைகளைக் குத்தி வைத்த வாயிலும் அதுவே. 1460-இல் வேக்ஃபீல்ட் போரில் மாண்ட யோர்க் கோமகன் றிச்சட்டின் தலையை, காகித முடி சூட்டி அதன் மேல் வைத்தனர். ஆறாம் ஹென்றி பற்றிய ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் படித்தவர்கள் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அரசனை வரவேற்ற வாயிலிலேயே பகைவனின் தலை தொங்கியது. மதில் என்பது கல்லால் ஆன அரண் மட்டுமன்றி, அதிகாரம் பேசும் மொழியாகவும் இருந்தது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் மதில் ஆற்றங்கரையில் முடியும். அந்த மூலையில் பெயில் ஹில் என்னும் மண்மேடு. வெற்றிவீரன் வில்லியம் வடநாட்டை அடக்க 1068-69 ஆண்டுகளில் ஆற்றின் இரு கரையிலும் கட்டிய இரு கோட்டைகளில் ஒன்றின் எச்சம் அது. பாலத்தைக் கடந்தால் மற்றக் கோட்டையின் மேடும் அதன்மேல் ஒரு கோபுரமும் தெரியும். கிளிபோர்ட் கோபுரம் என்று பெயர். முதல் நாள் அதன் அடிவாரத்தால் நடந்து போவேன், ஏறமாட்டேன். அது இரண்டாம் நாளுக்கு உரியது.

அடுத்து வோம்கேற் பார். வாயிலுக்கு முன்பாக நீண்டிருக்கும் கல் முன்றில், அதாவது பகைவரை உள்ளே விட்டு இரு பக்கமும் நெருக்கி அடிப்பதற்கான ஒடுங்கிய முன்வாயில், இங்கே மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1644-இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையும் ஸ்கொட்லாந்துப் படையும் நகரை முற்றுகையிட்டன. அப்போது பட்ட குண்டுகளின் தழும்பு இந்த வாயிலில் உண்டு. தமிழ் இலக்கணம் மதிலை முற்றுகையிடுவதை உழிஞை என்றும், காப்பதை நொச்சி என்றும் பிரித்துப் பேசும். உழிஞையையும் நொச்சியையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க விரும்புவோர் வோம்கேற் பாருக்குப் போக வேண்டும்.

அதனைத் தாண்டினால் செங்கற் கோபுரம் ஒன்று. 1490-ஆம் ஆண்டளவிற் கட்டியது. கல் மதிலிற் செங்கல்லுக்கு என்ன வேலை என்று நகரின் கல்தச்சர் கொதித்தெழுந்தனர். செங்கல் வேலை செய்தோரின் கருவிகள் உடைக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் கொலையுண்டார். கல்தச்சர் இருவர் மீது வழக்கு நடந்து, விடுதலையாயினர். அதன்பின் மதிலைக் காணோம். ஃபொஸ் ஆற்றை வில்லியம் அணையிட்டு மறித்ததில் இங்கே ஒரு பெரிய ஏரியும் சதுப்பும் உண்டாகிக் காவலாக நின்றன. ஆகவே மதில் கட்டவில்லை. இன்று ஏரியும் இல்லை. வாகனங்கள் ஓடும் வீதியிற் சிறிது தூரம் நடந்து மறுபடியும் மேலேற வேண்டும். அங்கிருந்து மொங்க் பார். பின்பு பூதம் பார். இந்த இரண்டுக்கும் இடையில், மரங்களுக்கு அப்பால் பேராலயத்தைப் பார்த்தபடியே நடக்கும் பகுதிதான் மிக அழகானது என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். மாலை வெயிலில் அதை அடைவதற்காகவே என் நடையை மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

நடந்து களைத்தவன் ஒன்றை நினைக்க வேண்டும். இந்த மதில் தானாக நிலைத்துவிடவில்லை. 1800-ஆம் ஆண்டு யோர்க் நகரசபையே மதிலையும் வாயில்களையும் இடித்துவிட அனுமதி பெற முயன்றது. பழுதுபார்க்கச் செலவு, போக்குவரத்துக்கு இடைஞ்சல். காரணம் சொல்வது எந்நாளும் எளிது. அந்த முயற்சி முழுதாக நிறைவேறவில்லை. ஆயினும் மற்ற மூன்று வாயில்களின் கல் முன்றில்களும் 1832-க்குள் போய்விட்டன. மதிலைக் காக்க 1820-களில் ஊரவர் சிலர் சங்கம் அமைத்துப் பணம் திரட்டினர். அந்நகரிற் பிறந்த ஓவியர் வில்லியம் எற்றி இலண்டனிற் பேரும் புகழுமாய் இருந்துகொண்டே கடிதம் எழுதியும் பேசியும் பொருளுதவியும் போராடினார். பூதம் பாருக்கு எதிரே, ஓவியக் கூடத்தின் முன்னால் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவர் காத்த வாயிலை அவரே பார்த்துக்கொண்டு நிற்பது போல! முதல் நாளின் கடைசி வேலை, அந்தச் சிலையின் முன் ஒரு நிமிடம் நிற்பது.

இரண்டாம் நாள் காலை, மின்ஸ்ரர் எனப்படும் பேராலயம். 1220-ஆம் ஆண்டளவிலே தொடங்கிய இன்றைய கட்டடம் 1472-இல் நிறைவு பெற்று நேர்ந்தளிக்கப்பட்டது. இரண்டரை நூற்றாண்டு வேலை. பார்வையாளருக்குக் கட்டணம் உண்டு. வழிபாட்டுக்கு வருவோருக்கு இல்லை. ஆகவே முதல் நாள் மாலை நேரம் வாய்த்தால், பாடற் குழுவினர் இசைக்கும் அந்திவேளை வழிபாட்டிற் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம் என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.

அங்கே நான் பார்க்க விரும்புவது கண்ணாடி. கீழைப் பெருஞ்சாளரத்தை ஜோன் தோர்ன்டன் என்ற கைவினைஞர் 1405-இல் ஒப்பந்தம் செய்து, 3 ஆண்டில் முடிப்பதாக வாக்களித்து, 1408-இல் முடித்துக் கொடுத்தார். கூலி எல்லாமாக 56 பவுண். உலகத்தின் தோற்றமும் முடிவும் வண்ணக் கண்ணாடியில் 300-க்கு மேற்பட்ட சட்டங்களாக விரிகின்றன. எழுத்தறியாத மக்கள் அண்ணாந்து வாசித்த புத்தகம் அது. ஒவ்வொரு துண்டாகக் கழற்றிச் செப்பனிட்டு, 2018-இல் மறுபடியும் முழுமையாக்கினார்கள். ஐந்து சகோதரிகள் எனப்படும் வடசாளரம் அதைவிடப் பழையது; சாம்பலும் பச்சையும் கலந்த 1,00,000-க்கு மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். முதலாம் உலகப் போரில் மாண்ட பேரரசின் பெண்களுக்கு நினைவாக அதனை 1925-இல் அர்ப்பணித்தனர்.

இத்தனை கண்ணாடி எப்படித் தப்பியது? 1644-இல் நகரம் வீழ்ந்தபோது வென்றவர்கள் உருவங்களை வெறுத்த தூய்மைவாதிகள். ஆனால் தளபதிகளில் ஒருவரான சேர் தோமஸ் ஃபேர்ஃபாக்ஸ் அந்த மாகாணத்து மண்ணின் மைந்தர். பேராலயத்தைத் தொடக்கூடாதெனத் தடுத்தார். வென்றவன் ஒருவனின் கட்டுப்பாட்டினால் ஒரு கலைச்செல்வம் காலங்கடந்து நிற்கிறது.

பேராலயத்திலிருந்து இறங்கும் ஸ்ரோன்கேற், புத்தகப் பிரியர்களின் தெரு. கோப்பி யார்ட் என்ற ஒழுங்கையின் வாயிலிற் சிவப்பு நிறக் குட்டிச்சாத்தான் ஒன்று குந்தியிருக்கும். அச்சகத்தின் அடையாளம் அது. இந்தத் தெருவிலே இருந்த கடையொன்றில்தான் 1759-இல் லோரன்ஸ் ஸ்ரேர்ன் என்ற நாட்டுப்புறப் பாதிரியார் தம் 'ரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலின் முதல் இரு பாகங்களை விற்பனைக்கு வைத்தார். இலண்டன் பதிப்பாளர் அவர் கேட்ட 50 பவுணைத் தர மறுத்துவிட்டார். யோர்க்கிலேயே, ஆன் வோர்ட் என்ற பெண்மணி நடத்திய அச்சகத்திற் சொந்தப் பொறுப்பில் அச்சிட்டார் ஆசிரியர். சில மாதங்களில் இலண்டனே அவரைத் தேடியது. கைப்பணம் போட்டுப் புத்தகம் வெளியிட்டுக் கட்டுகளை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நம் எழுத்தாளர்கள் இந்தத் தெருவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். மனத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

தெருக்களே மேடையான காலமும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டு முதல் 1569 வரை, கோடைத் திருவிழாவன்று தொழிற்சங்கங்கள் வண்டிகளின் மேல் வேதாகம நாடகங்களை நடித்தன. கப்பல் கட்டுவோர் நோவாவின் பேழையைக் கட்டினர். அப்பம் சுடுவோர் இறுதி இராப்போசனத்தை நடித்தனர். ஆணி செய்வோர் சிலுவையில் அறைந்தனர். அதிகாலை நாலரை மணிக்கு மிக்கிள்கேற்றிலே தொடங்கி, இடத்துக்கிடம் நிறுத்தி நிறுத்தி, இரவு வரை நடக்கும். விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு அந்தக் கூட்டத்தின் உற்சாகம் புதிதன்று. 1951-இல் அந்நாடகங்களை மறுபடியும் மேடையேற்றினர். அண்மைக் காலத்தில் வண்டிகளும் தெருவுக்கு வந்துவிட்டன.

ஸ்ரோன்கேற்றைத் தாண்டினால் கோனி வீதி. அங்கே புனித மார்ட்டின் தேவாலயம் பாதி எரிந்த நிலையைக் காட்டியபடியே செப்பனிடப்பட்டு நிற்கிறது. 1942 ஏப்பிரல் 29 அதிகாலை ஜேர்மன் விமானங்கள் யோர்க்கைத் தாக்கின. அந்தத் தாக்குதல்களுக்கு வரலாறு வைத்த பெயர் 'பெடேக்கர் தாக்குதல்கள்.' பெடேக்கர் என்பது சுற்றுலாக் கையேட்டின் பெயர்! லூபெக் நகரைப் பிரித்தானியர் எரித்ததற்குப் பழி வாங்க, கையேட்டில் நட்சத்திரக் குறி பெற்ற கட்டடங்களையெல்லாம் அழிப்போம் என்ற பேச்சு எழுந்தது. எக்ஸிற்றர், பாத், நோரிச், யோர்க் என்று அழகிய பழம் நகரங்கள் எரிந்தன. நானும் ஒரு கையேட்டை வைத்துக்கொண்டுதான் இப்பயணத்தைத் திட்டமிடுகிறேன். பார்க்க வேண்டியவை என்று ஒருவன் குறித்த பட்டியலை, அழிக்க வேண்டியவை என்று இன்னொருவன் வாசித்தான் என்பதை அறிந்தபோது கையிலிருந்த புத்தகம் சற்றுக் கனத்தது. அந்தத் தேவாலயத்தின் 1437-ஆம் ஆண்டுச் சாளரத்தை முன்யோசனையோடு முன்பே கழற்றி வைத்திருந்தார்கள். அது தப்பியது.

இனி, கடைசியாக, நான் முதல் நாள் ஏறாமல் விட்ட கோபுரம்.

இன்றைய கிளிபோர்ட் கோபுரம் மூன்றாம் ஹென்றி காலத்துக் கற்கட்டடம். அதற்கு முன்பு அதே மேட்டில் மரக்கோபுரம் ஒன்று இருந்தது. முதலாம் றிச்சட் மன்னன் 1189-இல் முடிசூடியபோது இலண்டனில் யூதருக்கு எதிரான கலகம் மூண்டது. மாதங்கள் செல்ல அது வடக்கே பரவியது. யூதர் மன்னனின் சொந்தப் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்பது சட்டம். கடன் கொடுக்கும் தொழிலை அவர்களிடம் விட்டு, அவர்களிடம் வரி கறந்தது அரசு. யோர்க்கின் பிரபுக்கள் சிலர் அவர்களிடம் பெருங்கடன் பட்டிருந்தனர். 1190 மார்ச்சில் ஒரு யூதக் குடும்பத்தின் வீடு இரவில் தாக்கப்பட்டுக் கொள்ளை போயிற்று. ஜோஸ் என்ற தலைவரின் கீழ் ஏறக்குறைய 150 யூதர், பெண்களும் பிள்ளைகளுமாக, மன்னனின் கோட்டையில் அடைக்கலம் புகுந்தனர். காவலதிகாரி ஒரு நாள் வெளியே போனான். அவன் தங்களை விற்றுவிடுவானோ என்று அஞ்சியவர்கள் கதவைத் திறக்கவில்லை. அவன் மாகாண அதிகாரியிடம் முறையிட, அவன் படையை அழைத்தான். மன்னனின் பெயராற் காக்க வேண்டியவர்களே முற்றுகைக்கு வந்தார்கள். ஊர்க்கூட்டம் அவர்களோடு சேர்ந்துகொண்டது.

மார்ச் 16-ஆம் திகதி, பாஸ்கா விழாவுக்கு முந்திய ஓய்வுநாள். உள்ளே இருந்தவர்களுள் யொம் தொவ் என்ற பிரெஞ்சு நாட்டு மதகுரு ஒருவர். அவர் ஒரு கவிஞர். பகைவர் கையிற் படுவதிலும் தம் கையாலேயே மாள்வது மேல் என்றார். பெரும்பாலோர் அவ்வாறே செய்தனர். கோபுரம் எரிந்தது. மதம் மாறினால் உயிர்ப்பிச்சை என்ற வாக்கை நம்பி மறுநாள் வெளியே வந்தவர்களையும் கொன்றனர். அதன்பின் கூட்டம் கோட்டையிலிருந்து பேராலயத்துக்குப் போயிற்று. எதற்கு? கடன் பத்திரங்கள் அங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துப் பேராலயத்துக்குள்ளேயே எரித்தனர். நியூபரோவைச் சேர்ந்த வில்லியம் என்ற கிறிஸ்தவத் துறவி, அக்காலத்திலேயே, தம் மாகாணத்தார் செய்ததை எழுதி வைத்ததால் நமக்கு இது தெரிகிறது. யொம் தொவ் எழுதிய பாடல் ஒன்றை யூதர் தம் பாவக் கழுவாய் நாளின் முன்னிரவில் இன்றும் ஓதுகின்றனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குரல் எரியவில்லை.

பின்பு நகரத்தாருக்குத் தண்டம் விதித்தனர். தலைமை தாங்கியவர்களோ தப்பியோடிவிட்டனர். 1194-இல் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. யூதரின் கடன் பத்திரங்களுக்கெல்லாம் பிரதி எடுத்துப் பேழைகளிற் பூட்டி வைக்க வேண்டும் என்பது அது. அதாவது, இனி ஒரு கலகம் வந்தாற் பத்திரம் எரியாது. மனிதருக்கு அப்படி ஒரு பேழை செய்யப்படவில்லை. யூதர் யோர்க்குக்குத் திரும்பி வந்து வாழவும் செய்தனர். 1290-இல் முதலாம் எட்வேர்ட் அவர்களை நாடு முழுவதிலுமிருந்தே வெளியேற்றினான். அவர்களின் இடுகாடு மதிலுக்கு வெளியே, ஜூபரி என்ற இடத்தில் இருந்தது. 1982-83 அகழ்வில் ஏறக்குறைய 500 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. 1984-இல் மறுபடியும் அடக்கம் செய்தனர். இப்போது அங்கே அங்காடி ஒன்றின் வாகனத் தரிப்பிடம். முதல் நாள் மதில் நடையில், மொங்க் பாரை அடையும் முன் அந்த இடத்தை ஒட்டித்தான் நான் போயிருப்பேன்.

சேர் வோல்ட்டர் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ' நாவலை நம் பள்ளிகளிற் படித்தவர்கள் உண்டு. அதில் வரும் ஐசாக், யோர்க் நகரத்து யூதர். அவர் மகள் றெபேக்கா. கதை அந்தப் படுகொலை நடந்து சில ஆண்டுகளுக்குள் நடப்பதாக அமைந்தது. நாயகனுக்கு மணம் முடிகிறது, மன்னன் திரும்பிவிட்டான், எல்லாம் சுபம் என்று நாம் புத்தகத்தை மூடுகிறோம். ஆனால் முடிவில் றெபேக்காவும் தந்தையும் இங்கிலாந்தைவிட்டு ஸ்பெயினுக்குப் புறப்படுகிறார்கள். நல்ல மன்னன் திரும்பிய நாட்டிலும் அவர்களால் இருக்க முடியவில்லை. சிறுவயதில் அந்தக் கடைசி அத்தியாயத்தை விரைந்து புரட்டியவர்கள், இந்தக் கோபுரத்தைப் பற்றி அறிந்தபின் மறுபடியும் வாசிக்கலாம்.

நேயர்களே, சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைப் பார்க்கப் போகிறான். அகழியும் மதிலும் வாயிலில் வாளேந்திய யவனக் காவலரும் எல்லாம் பலமாகவே இருக்கின்றன. தெருத் தெருவாக அழகு கண்டு மகிழ்ந்து திரும்புகிறான். அத்தனை காவலுள்ள நகருக்குள்ளேதான் அடுத்த நாள் அவன் கொலையுண்டான். கொன்றவன் வெளியிலிருந்து வந்த பகைவன் அல்லன். மதில் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை இளங்கோ அன்றே அறிந்திருந்தார். நமக்கும் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் இரண்டாம் நாளின் வழி இதுதான். காலையிற் பேராலயம், ஸ்ரோன்கேற், கோனி வீதி, கொப்பர்கேற் ஊடாகக் கிளிபோர்ட் கோபுரம். பத்திரம் எரிக்கப் போன கூட்டம் கோட்டையிலிருந்து பேராலயத்துக்குப் போயிற்று. நான் பேராலயத்திலிருந்து கோட்டைக்குப் போவேன். மெதுவாக நடந்தாலும் அரை மணிக்கு மேல் எடுக்காது. அடிவாரத்தில் 1978-இல் பதித்த நினைவுக் கல் உண்டு. படியேறுமுன் அதை வாசிக்க வேண்டும். 2022-இல் கோபுரத்துக்குள் மரத்தளம் அமைத்து உச்சிவரை ஏற வழி செய்திருக்கிறார்கள். மேலிருந்து மதிலும் ஆறுகளும் பேராலயமும் ஒரே பார்வையில் அடங்குமாம். மார்ச் மாதக் கடைசியில், அந்த நாள் கழிந்து சில நாட்களில், மேட்டைச் சுற்றிலும் மஞ்சட் பூக்கள் பூத்திருக்கும். நான் அந்த மாதத்தைத் தேர்ந்ததற்கு மற்றக் காரணம் இதுதான்.

ஒரு நாளில் யோர்க்கைப் பார்த்துத் திரும்புவோரைக் குறை சொல்லமாட்டேன். நேரமும் பணமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. அப்படிப் போகிறவர்களுக்கும் என்னிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. கடைத்தெருவில் அரை மணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணியை அந்த மேட்டுக்குக் கொடுங்கள். மதிலை யார் கட்டினார்கள் என்பதைக் கையேடு சொல்லும். அதற்குள்ளே யார் யாருக்கு இடம் இருந்தது என்பதை அந்தக் கோபுரத்தின் அடியில் நின்றுதான் கேட்க வேண்டும். நல்ல சப்பாத்தும், மழைக்கு ஒரு மேலங்கியும் மறவாதீர்கள்.